அர்செசியோ நின்ற இடம்

லா தொர்காஸா மலையில் அர்செசியோவைவிட வேகமாகக் காப்பிப் பழம் பறிக்கிறவன் கிடையாது. இதை ஊரார் சொல்வதற்கு முன்னால் அவனே சொல்லிவிடுவான். இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் பறிப்பான். பழம் விழுகிற சத்தம் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி கேட்கும். சாப்பிடுவதும் அப்படித்தான். என் கடையில் அவன் முன்னால் பயற்றுக் குழம்பை வைத்துவிட்டு அரேப்பா என்கிற சோள ரொட்டியை எடுக்கத் திரும்பினால் போதும், தட்டு காலியாக இருக்கும். அரேப்பாவைத் தனியாகத் தின்பான்.

அவன் பெண்டாட்டி யாமிலேயும் முன்னெல்லாம் அதே வேகந்தான். கண்ணிவெடி எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தாள், ஆளே மாறிப்போனாள். சண்டை நடந்த வருஷங்களில் துப்பாக்கிக்காரர்கள் எங்கள் மலை முழுக்க அதைப் புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நாங்கள் அதைக் கால்முறிச்சான் என்போம். யார் புதைத்தது, எந்தப் பக்கத்து ஆள் என்றெல்லாம் நான் பேசமாட்டேன். என் கடைக்கு எல்லாரும் வருகிறார்கள். சண்டை ஓய்ந்து ஊருக்குத் திரும்பினால் பாதி நிலத்தில் கால் வைக்க முடியவில்லை. அதைத் தோண்டி எடுக்க ஒரு குழு வந்து என் கடைக்குப் பின்னால் கூடாரம் போட்டது. ஊர்ப் பெண்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு பழக்கினார்கள். அவர்களுக்கு ஆக்கிப் போடுவது நான்.

அந்த வேலையை நான் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். முழங்காலில் உட்கார்ந்து முன்னால் இருக்கிற புல்லைத் தாள் தாளாகக் கத்தரித்துப் பின்னால் போட வேண்டும். இந்தச் சனியனில் இரும்பு கொஞ்சந்தான் என்பதால் இரும்பைக் கண்டால் கத்துகிற கருவியை முழுக்க நம்ப முடியாது. ஆகவே சின்னக் கரண்டியால் மண்ணைப் பக்கவாட்டில் சீவிக்கொண்டே போக வேண்டும். குத்தக் கூடாது, தள்ளக் கூடாது. ஒரு சாண் முடிந்தால், எதுவரை பார்த்தாயிற்று என்று காட்ட முன்னால் கிடத்தியிருக்கிற குச்சியை ஒரு சாண் நகர்த்தி வைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. ஒருத்தி பகல் முழுக்க உழைத்தால் ஆறேழு கட்டில் போடுகிற இடந்தான் கிடைக்கும்.

அந்தக் கை வீட்டுக்கும் வந்துவிட்டது. யாமிலே மரவள்ளிக் கிழங்கு உரிக்க உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. ஒன்று கேட்டால் பதில் வர உலை கொதித்துவிடும். அர்செசியோவுக்கு இது பொறுக்கவில்லை. சனிக்கிழமை என் கடையில் உட்கார்ந்து அரற்றினான்.

"ஆமை புகுந்த வீடு விளங்குமா ஒத்தீலியாக்கா? கிழங்கை உரிடின்னா கிழங்குக்கு வலிக்குமேன்னு உரிக்கிறா."

"உனக்கு என்னடா அவசரம்? கிழங்கு எந்திரிச்சு ஓடுதா?"

"பழம் ஓடுதுக்கா. மேல எங்கப்பன் தோட்டத்துல செவேல்னு கிடக்கு. மழை இறங்குச்சுன்னா பூராவும் தரையில. பாதி இடத்தைச் சுத்தம் பண்ணிக் கழி நட்டுட்டாளுக, ஆனா கையில குடுக்கமாட்டேங்கிறாளுக. எப்பம்மா குடுப்பேன்னு கேட்டா, முடிஞ்சப்பங்கிறா. கட்டின புருசன்கிட்டப் பேசுற பேச்சா இது?"

யாமிலே கூடாரத்துத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு தட்டைத் துடைத்து வைத்து, அடுத்ததை எடுத்து, அதையும் துடைத்து வைத்த பிறகு, "முடிஞ்சப்பத்தான்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. குழுவில் பாதிப் பேர் பூசைக்கும் சந்தைக்கும் கீழே ஊருக்குப் போய்விட்டார்கள். கூடாரத்தில் இருந்தது மேற்பார்வைக்காரர் நொல்பெர்த்தோ, மருத்துவப் பையோடு ஒரு செவிலி, பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வந்து தங்கியிருக்கிற எதில்மா, அவ்வளவுதான். யாமிலே துவைக்கிற கல்லில் துணியோடு இருந்தாள். நான் கோழியும் வாழைக்காயும் போட்டுச் சூப்புக்கு வைத்திருந்தேன். முதல் நாள் ராத்திரி பெய்த மழையில் எல்லாம் நனைந்து, வானம் இன்னும் இறங்கியே கிடந்தது.

அர்செசியோவின் கூப்பாடு மலைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும். கழுதைகூடத் திரும்பிப் பார்க்கும். அன்று அப்படிக் கூப்பிட்டிருந்தால் நான் கண்டுகொண்டிருக்கமாட்டேன். மேலே தோட்டத்திலிருந்து மெல்லிசாக ஒரு குரல் வந்தது. தூங்குகிற பிள்ளை எழுந்துவிடுமோ என்று பயந்து கூப்பிடுகிற குரல்.

"யாமிலே... யாமிலே..."

அவள் துணியைக் கல்லில் வைத்தாள். நான் கரண்டியோடு ஓடினேன். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது: "அக்கா, பாதையில மட்டும் போ. ஓரத்துல கால் வைக்காதே." திரும்பிப் பார்த்தால் அவள் கூடாரத்துக்குள் போய்க் கவச அங்கியை மாட்டி நாடாவை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருக்கிறாள். புருஷன் கூப்பிடுகிறான், இவளுக்கு முடிச்சு கேட்கிறதா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் போனேன்.

தோட்டம் பத்து வருஷமாகக் கிளை வெட்டிக் கவாத்துச் செய்யாமல் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து கிடந்தது. நடுவில் பெரணியும் கோரையும். அதற்குள்ளே அர்செசியோ நின்றான். கூடை இடுப்பில். ஒரு கை மேலே ஒரு கிளையைப் பிடித்தபடி இருந்தது. அதை விடக்கூட அவனுக்குப் பயம்.

"அசையாதே" என்றார், எதில்மாவோடும் செவிலியோடும் என் பின்னாலேயே வந்து சேர்ந்த நொல்பெர்த்தோ. "என்ன பாத்தே?"

"வலது காலுக்குப் பக்கத்துல. ஒரு கை தள்ளி. வெள்ளையா கால்முறிச்சானோட குழல் முனை தெரியுது. மழைத்தண்ணி மண்ணை அரிச்சிருக்கு."

"மிதிச்சியா?"

"மிதிச்சிருந்தா உங்களோட பேசிக்கிட்டா இருப்பேன்?"

"எந்த வழியா உள்ள போனே?"

"பழம் இருந்த வழியா."

வந்த காலடி தெரிந்தால் அதன் மேலேயே திரும்பி நடக்கச் சொல்லலாமாம். கோரை நிமிர்ந்துவிட்டது, ஒரு தடமும் இல்லை.

சுத்தம் செய்த இடத்தின் ஓரத்தில் சிவப்புத் தலைக் கழிகள் வரிசையாக நட்டிருந்தன. அதற்கு இந்தப் பக்கம் நடக்கலாம், அந்தப் பக்கம் கூடாது. நொல்பெர்த்தோ எங்களை அந்த வரிசைவரை கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்து அர்செசியோ இரண்டு ஆள் நீளந்தான். நான் ஏறி வந்த மூச்சு வாங்க ஒரு கழியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

யாமிலே அப்போதுதான் வந்து சேர்ந்தாள். அவள் புருஷனைப் பார்க்கவில்லை. நான் பிடித்திருந்த கழியைப் பார்த்தாள். குனிந்து அதன் அடியைப் பார்த்தாள்.

"இது நான் நட்டது இல்ல" என்றாள்.

"அர்செசியோ, இந்தக் கழியை யாராவது பிடுங்குனாங்களா?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"பிடுங்குனாங்களா?"

"நான்தான். புதன்கிழமை. நம்ம வாழை குலையோட சாஞ்சுச்சு. முட்டுக் கொடுக்க ரெண்டு கழி எடுத்தேன். குலையை வெட்டுனதும் திருப்பி நட்டுட்டேன். நான் என்ன திருடிக்கிட்டா போனேன்?"

எங்கள் மலையில் இது குற்றமே இல்லை. வாழை சாய்கிறது என்றால் அடுத்த வீட்டு வேலியைப் பிடுங்கி முட்டுக் கொடுப்போம். கேட்டால் சிரித்துவிட்டு ஒரு சீப்புக் கொடுப்போம். நானே என் கடைப் பந்தல் காலை ஒருமுறை பிடுங்கியிருக்கிறேன்.

"எந்த ரெண்டு?" என்றாள் யாமிலே.

"அக்கா பிடிச்சிருக்குல்ல, அது. அதுக்கு அடுத்தது. இல்ல... அதுக்கும் அடுத்ததா? தெரியலயே."

"அதே குழியிலயா நட்டே?"

"மழையில குழி தூந்து போச்சு. கண்ணால பாத்துத்தான் நட்டேன். ஒரு எட்டு முன்னப்பின்ன இருக்கும். அதுல என்ன?"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கழிவரை சுத்தமான இடந்தான், பழத்துக்காக அதைக் கொஞ்சம் தாண்டினால் என்ன என்று நினைத்துத்தான் இவ்வளவு தூரம் போயிருக்கிறான். தானே நட்ட கழியைத் தானே நம்பியிருக்கிறான்.

எனக்கும் உறைத்தது. நான் எங்கே நிற்கிறேன்?

"யாரும் நகராதீங்க" என்றார் நொல்பெர்த்தோ. அவர் குரல் உயரவே இல்லை. "ஈர மண்ணுல நம்ம காலடி புதுசாத் தெரியுது. வந்த அடி மேலயே பின்னால போங்க. ஒத்தீலியாக்கா, நீங்க முதல்ல."

நான் கழியை விட்டேன். என் செருப்புத் தடத்தைத் தேடித் தேடிக் கால் வைத்தேன். அறுபது வருஷம் நடந்த காலுக்கு அன்று நடக்கத் தெரியவில்லை. நான் பாதைக்கு வந்த பிறகு மற்றவர்களும் அப்படியே வந்தார்கள்.

வரிசையை நம்ப முடியாதென்றால் பாதையிலிருந்தே புதிதாகத் தோண்டிப் போக வேண்டும். இரண்டு ஆள் நீளம் என்பது நான்கு ஆள் நீளமானது. தோண்டத் தெரிந்த இரண்டு பேர். கீழே போனவர்கள் திரும்ப ராத்திரி ஆகும். மழை வேறு வரப்போகிறது.

"நான் போறேன்" என்றாள் யாமிலே.

"கட்டினவ போகக் கூடாது. விதி" என்றார் நொல்பெர்த்தோ.

"நான் அழமாட்டேன் ஐயா."

"அழுவேன்னு போட்ட விதி இல்லம்மா. அவசரப்படுவேன்னு போட்டது. எதில்மா போகட்டும்."

எதில்மா தடித்த உடம்புக்காரி. உட்கார்ந்தால் எழுந்திருக்க யோசிப்பவள். அன்று அது நல்லதாகப் போயிற்று. முகக் கவசத்தை இறக்கி, குச்சியைக் கிடத்தி, முதல் புல்லைக் கத்தரித்தாள்.

நொல்பெர்த்தோ என்னிடம் வந்தார். "அக்கா, அவனை அசையாம நிறுத்தணும். உங்களுக்குத்தான் வாய் உண்டு. பேசிக்கிட்டே இருங்க. என்ன வேணும்னாலும் பேசுங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக என்னை ஒருத்தர் பேசச் சொன்னார். வாயில் ஒன்றும் வரவில்லை.

"டேய் அர்செசியோ" என்றேன் கடைசியில். "பசிக்குதா?"

"என்னக்கா கேள்வி இது."

"சூப்பு வச்சிருக்கேன். கோழி போட்டு."

"எந்தக் கோழி?"

"அந்தக் கழுத்து மொட்டைக் கோழி."

"அது முட்டை போடுமேக்கா."

"போடல. உன்னைய மாதிரித்தான், சத்தம் மட்டுந்தான்."

அவன் உதடு கொஞ்சம் அசைந்தது. பிறகு சொன்னான், "அக்கா, எனக்கு இடது பக்கம் ஒரு கட்டை கிடக்கு பாத்தியா? விழுந்த மரம். ஒரே எட்டுல அதுல ஏறிருவேன். அங்கிருந்து ஒரே தாவு, பாதைக்கு. இதைவிட அகலமான ஓடையைத் தாண்டியிருக்கேன்."

"நில்லுடா."

"இவ புல்லு வெட்டுற வேகத்துக்கு என் பேரன்தான் வீட்டுக்குப் போவான்."

"முதல்ல பிள்ளையப் பெறு. பேரனப் பத்திப் பெறவு பேசலாம்."

எதில்மா திரும்பவே இல்லை. கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. நறுக். அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. நறுக். அந்த இடைவெளிதான் என்னைக் கொன்றது. சண்டைக் காலத்தில் ஒரே ஒரு தடவை நான் அந்த வெடியைக் கேட்டிருக்கிறேன். வெடித்த பிறகு கோழிகூடக் கத்தவில்லை. அந்த மௌனத்துக்குத்தான் பயம்.

தூறல் பிடித்தது. அர்செசியோவின் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நொல்பெர்த்தோ வானத்தைப் பார்த்தார். பெரிய மழை என்றால் வேலையை நிறுத்த வேண்டும். நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவன் கல்யாணத்தன்று கழுதை பாதிரியாரின் தொப்பியைத் தின்றதைச் சொன்னேன். என் செத்துப்போன புருஷனின் குறட்டையைப் பற்றிச் சொன்னேன். பழம் பறிக்கிற பாட்டு ஒன்றைப் பாதி பாடினேன். அவன் முதலில் பதில் சொன்னான், பிறகு உம் கொட்டினான், பிறகு அதுவும் நின்றது.

"அக்கா, முழங்கால் ஆடுது" என்றான்.

"பிடிச்சு நில்லு."

"கால் என்னோடதா இல்லையான்னே தெரியல."

செவிலி ஒரு கயிற்றின் நுனியில் வெல்லத் தண்ணீர்ப் புட்டியைக் கட்டி வீசலாமா என்று கேட்டாள். நொல்பெர்த்தோ வேண்டாம் என்று தலையாட்டினார். தவறி எங்காவது விழுந்தால்?

எதில்மாவின் முறை முடிந்தது. இந்த வேலையில் கை சோர்ந்த பிறகு ஒரு நிமிஷம்கூட இருக்க விடமாட்டார்கள். அவள் எழுந்து வந்து விரலை மடக்க முடியாமல் நின்றாள். பாதி தூரங்கூட ஆகவில்லை. நொல்பெர்த்தோ யாமிலேயைப் பார்த்தார். வெளிச்சத்தைப் பார்த்தார்.

"விதியை மீறுறது நான். நீ இல்ல" என்றார். "ஆனா அவசரம்னு தோணுன நிமிஷம் எந்திரிச்சு வந்திரணும்."

யாமிலே உள்ளே போனாள். அவள் வருகிறாள் என்று கண்டதும் அர்செசியோவுக்கு வாய் திரும்பியது.

"யாமிலே, சீக்கிரம் வாம்மா. என்னால முடியல. நேத்து பேசுனதையெல்லாம் மனசுல வச்சிக்காதே. நீ கேக்குறியா? ஏதாச்சும் சொல்லேன்."

தோண்டுகிறபோது பேசக் கூடாது. அவள் பேசவில்லை. அவன் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு மேலும் கெஞ்சினான். எங்கள் மலையிலேயே திமிர் பிடித்தவன் அவன். அவன் கெஞ்சுவதைக் கேட்க எனக்கே என்னவோ செய்தது. யாமிலேயின் முதுகு மட்டும் தெரிந்தது. கத்தரிக்கோல் சத்தம் கொஞ்சம் நெருங்கி நெருங்கி வந்தது. எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. குச்சி நகர்ந்தது, மறுபடி நகர்ந்தது. இன்னும் ஒன்றரை ஆள் நீளந்தான்.

திடீரென்று அவள் கையைத் தூக்கினாள். எழுந்து, வந்த வழியே பின்னால் நடந்து பாதைக்கு வந்தாள். முகக் கவசத்தைத் தூக்கினால் முகம் வெளுத்திருந்தது.

"கடைசி ஒரு சாண்" என்றாள். "மண்ணைச் சீவல ஐயா. தள்ளிட்டேன். அவன் குரல் காதுல இருந்துச்சு. அந்த ஒரு சாணுல என் கை இருந்துச்சு, நான் இல்ல."

நொல்பெர்த்தோ திட்டவில்லை. "சரி" என்றார். இன்னும் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்த எதில்மா கவசத்தை இறக்கினாள். உள்ளே போனதும் அவள் செய்த முதல் வேலை, குச்சியை எடுத்து ஒரு சாண் பின்னால் வைத்ததுதான்.

அர்செசியோ அதைப் பார்த்தான்.

"ஏன் பின்னால போறீங்க?" என்றான். "ஏய், ஏன் பின்னால போறீங்க?"

"நில்லுடா" என்றேன்.

"பின்னால போறாளுக. என்னைய விட்டுட்டுப் போறாளுக." அவன் கை கிளையை விட்டது. இடது பக்கம், அந்தக் கட்டையின் பக்கம், உடம்பு சாய்ந்தது. "நான் குதிக்கிறேன். வெடிச்சா வெடிக்கட்டும். இப்படி நிக்க என்னால ஆகாது."

"அர்செசியோ."

யாமிலே சொன்னாள். பாதையில் என் பக்கத்தில் நின்றுகொண்டு, சாதாரணமாக, சாப்பிட வா என்பதைப் போல.

"அந்த ஒரு சாணை நான் சரியாப் பாக்கல. அவசரப்பட்டுட்டேன். அப்புறம் நீ அதுல கால் வச்சு ஏதாச்சும் ஆச்சுன்னா உன்னைக் கொன்னது நான். அதான் எதில்மா மறுபடி பாக்குறா. உன்னைய விட்டுட்டுப் போகல. உங்கிட்ட வர்றதுக்குத்தான் பின்னால போறோம்."

"நீயா அவசரப்பட்டே?" என்றான்.

"நான்தான்."

"எனக்காகவா?"

அவள் பதில் சொல்ல வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டாள். "வேற யாருக்காக?" என்றாள்.

அவன் கை மறுபடி கிளையைத் தேடிப் பிடித்தது.

எதில்மா அந்தச் சாணை முழுக்கச் சீவினாள். அதில் ஒன்றுமே இல்லை. ஒரு புழுகூட இல்லை. அவள் திரும்பித் தலையாட்டியபோது எனக்குக் கோபம் வந்தது. ஒன்றுமில்லாத ஒரு சாணுக்கு இவ்வளவு வெளிச்சத்தைத் தின்றுவிட்டாளே. யாமிலே மட்டும் மூச்சை விட்டுவிட்டு, "நல்லது" என்றாள்.

தூறல் நின்று மேலேயிருந்து பனிமூட்டம் இறங்க ஆரம்பித்தது. எதில்மா கட்டை கிடந்த இடத்துக்கு நேராக வந்துவிட்டாள். இனி ஒரு ஆள் நீளம். நறுக். இடைவெளி. கரண்டி சீவுகிற சத்தம். இடைவெளி.

இடைவெளி நீண்டது.

எதில்மா கரண்டியைப் பின்னால் வைத்தாள். இரண்டு விரலால் மண்ணைத் தொட்டுத் தொட்டு எடுத்தாள். பிறகு கையைத் தூக்கினாள். நொல்பெர்த்தோ உள்ளே போய் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தார். இருவரும் திரும்பி வந்தார்கள்.

"இருக்கு" என்றார் நொல்பெர்த்தோ. "கட்டைக்கு இந்தப் பக்கம், ஒட்டுனாப்புல. கட்டையில இருந்து இறங்குறவன் கால் வைக்கிற இடம்."

மதியத்திலிருந்து அர்செசியோ என்னிடம் காட்டிக்கொண்டிருந்த இடம் அது. ஒரே எட்டு, ஒரே தாவு. ஜெபம் சொல்ல நினைத்தேன். முதல் வரிக்கு மேல் ஞாபகம் வரவில்லை.

"அதை இன்னைக்குத் தொடக் கூடாது. வெளிச்சம் பத்தாது. குறி வச்சுட்டு வலது பக்கமா வளைச்சுப் போகணும். இன்னும் ரெண்டு கட்டில் இடமாவது தோண்டணும். இருட்டுறதுக்குள்ள முடியலேன்னா..." நொல்பெர்த்தோ மேலே பனிமூட்டத்தைப் பார்த்தார்.

"அங்க என்ன பேசுறீங்க?" என்றான் அர்செசியோ. "ஏதோ கிடைச்சிருக்கு. எங்கிட்டச் சொல்லுங்க."

செவிலி சொல்ல வேண்டாம் என்று கண்ணால் காட்டினாள். யாமிலே நாடாக்களை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "கட்டைக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்கு. சுத்தி வரணும். நேரமாகும்."

அவன் கட்டையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். குதித்திருந்தால் என்று அவனும் கணக்குப் போட்டிருப்பான். முகத்திலிருந்த தண்ணீரை ஒரு கையால் துடைத்தான்.

"யார் வர்றா?"

"எதில்மாவுக்குக் கை விட்டுப்போச்சு. நான்தான்."

"யாமிலே."

"சொல்லு."

"இருட்டுனா இருட்டட்டும். விடிய விடிய நிக்கிறேன். நீ மெதுவா வா." அவன் கிளையை இறுக்கிப் பிடித்தான். "நான் வாயைத் திறக்கமாட்டேன். நீ உன் இஷ்டத்துக்கு வா."

அவள் உள்ளே போனாள். அதன் பிறகு அந்த மலையில் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அவள் புல்லைப் பிடித்தாள், கத்தரித்தாள், பின்னால் வைத்தாள். மண்ணைச் சீவினாள். கிழங்கு உரிக்கிறவளைப் பார்த்துச் சிரித்தோமே, அதே கைதான். பனிமூட்டம் அவள் முதுகை மறைக்கும், விலகும், மறைக்கும். மறைகிறபோது கரண்டிச் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருமுறை சத்தம் நின்றுபோனது. நான் எதில்மாவின் கையைப் பிடித்தேன். பிறகு சத்தம் தொடர்ந்தது; அவள் முகக் கவசக் கண்ணாடியைத் துடைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

வெளிச்சம் சாம்பல் நிறத்துக்கு வந்தபோது அவள் அவன் காலடிக்கு வந்து சேர்ந்தாள். கையை நீட்டினால் அவனைத் தொடலாம். தொடவில்லை. அவன் இடது செருப்பைச் சுற்றி, ரப்பர் ஓரத்தை ஒட்டி, விரலால் மண்ணை எடுத்தாள். அவன் வலது பக்கம் கண்ட அந்த வெள்ளை முனைக்கு அவள் முகம் எவ்வளவு அருகில் இருந்தது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரு சின்னக் குறிக் குச்சியை அதன் பக்கத்தில் நட்டாள்.

"கண்ணைத் திற" என்றாள். "இடது காலைத் தூக்கி இங்க வை."

"முடியல."

"முடியும்."

"இல்ல யாமிலே, கால் கேக்க மாட்டேங்குது. நிசமா."

அவள் கரண்டியை வைத்தாள். இரண்டு கையாலும் அவன் செருப்பைப் பிடித்தாள். தூக்கித் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு வலது கால், குழலிலிருந்து விலக்கி விலக்கி. அவன் அவள் தலையைப் பிடித்துக்கொண்டான். அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள், அவன் காலை எடுத்து வைத்தாள். மறுபடி நகர்ந்தாள், மறுபடி எடுத்து வைத்தாள். தோண்டிய வழி முழுக்க அப்படியே கூட்டி வந்தாள். பாதைக்கு வந்ததும் அவன் கூடையோடு கீழே உட்கார்ந்தான். பழம் சிதறியது. யாரும் பொறுக்கவில்லை. செவிலி அவனைப் போர்த்தினாள். நொல்பெர்த்தோ அந்தப் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

அவர்கள் வீடு என் கடைக்குக் கீழே, காப்பி காயவைக்கிற சிமெண்டுக் களத்தோடு. நான் அடுப்புத் தணலில் இருந்த சூப்புப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். எதில்மா விளக்குப் பிடித்தாள். பாதையில் யாமிலேயின் தோளைப் பிடித்தபடி நடந்து வந்தவன், களத்தின் ஓரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டான்.

"வா, உள்ள போவோம். குளிருது" என்றேன்.

அவன் வரவில்லை. களத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கையால் குழைத்துப் பூசிய சிமெண்டு. தினமும் காலையில் வெறுங்காலோடு அவன் ஓடுகிற இடம்.

"யாமிலே" என்றான். "இங்க காலு வைக்கலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. சும்மா வாடா என்று அதட்ட வேண்டும்போல இருந்தது. அதுவும் வரவில்லை.

யாமிலே அவன் கையைத் தோளிலிருந்து எடுத்து எதில்மாவிடம் கொடுத்தாள். களத்தின் ஓரத்தில் முழங்கால் போட்டாள். மழையில் நனைந்த களத்தில் உள்ளங்கையை வைத்து, இடமிருந்து வலமாக மெதுவாகத் தடவினாள். ஒரு சாண் நகர்ந்து மறுபடி தடவினாள். அப்படியே கதவுவரை போனாள். நடுவில் ஒரு இடத்தில் சந்தேகம் வந்ததுபோல நின்று, திரும்பி வந்து, அந்த இடத்தை மறுபடி தடவினாள். நாங்கள் அசையாமல் நின்றோம். சூப்புப் பாத்திரம் என் கையைச் சுட்டது.

கதவருகே போய்த் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "இப்ப வா" என்றாள்.

அவன் அவள் கை போன வழியிலேயே நடந்தான். பின்னால் நானும் அந்த வழியிலேயே கால் வைத்துப் போனேன்.